ஹெட்போன், டாக், அம்ப்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லப்டொப்பில் ஹெட்போனைச் செருகினாலே பாட்டுக் கேட்கிறதே. டாக், அம்ப் என்று தனியாக ஏன் வாங்க வேண்டும்?

பலருக்குத் தேவையே இல்லை. லப்டொப்பில் வொலியூமை 60, 70 சதவீதம் வைத்தாலே போதுமான சத்தம் வருகிறது, பின்னால் இரைச்சல் இல்லை, தவில் அடி தெளிவாக விழுகிறது என்றால் காசை வைத்துக்கொண்டு நல்ல ஹெட்போனுக்குச் சேமியுங்கள்.

வாங்குவதற்கான காரணங்கள் மூன்று. வொலியூமை முழுதாக ஏற்றியும் சத்தம் போதவில்லை என்பது ஒன்று. பாட்டு நிற்கும் இடங்களில் 'உஸ்' என்ற இரைச்சலோ, மவுஸை அசைக்கும்போது கரகரப்போ கேட்பது இன்னொன்று. மூன்றாவது, லப்டொப்பின் ஜாக்கிலே உள்ள வெளியீட்டு மின்தடை (ஜாக்கின் உள்ளேயே இருக்கும் மின்தடை) கூடுதலாக இருந்து ஹெட்போனின் குரலையே மாற்றிவிடுவது. இதில் எதுவுமே இல்லாதவர் அம்ப் வாங்கினால், மேசையில் ஒரு பெட்டி கூடும், அவ்வளவுதான்.

டாக் எது, அம்ப் எது? ஒரே பெட்டியாக வாங்குவதா, தனித்தனியாகவா?

கணினியிலிருந்து வரும் எண்களை மின்னலையாக மாற்றுவது டாக். அந்த மின்னலையை ஹெட்போனின் சுருளை அசைக்கும் அளவுக்கு வலுவாக்குவது அம்ப். போனிலும் லப்டொப்பிலும் இரண்டுமே உள்ளே சின்னதாக இருக்கின்றன.

முதன்முதலில் வாங்குபவர் இரண்டும் சேர்ந்த ஒரே பெட்டியை வாங்குவதே நல்லது. ஒரு அடப்டர், ஒரு யூஎஸ்பி வயர், குறைந்த தொல்லை. ஹம் சத்தம் வர வாய்ப்பும் குறைவு, ஏனென்றால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆர்சிஏ வயர் (சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள ஓடியோ வயர்) ஓடாது. பின்னாளில் அதிக சக்தி கேட்கும் பிளேனார் ஹெட்போனோ (தட்டையான சவ்வு அசையும் வகை) வால்வ் அம்போ (வெற்றிடக் குழாய் வகை) வாங்க எண்ணமிருந்தால், பின்பக்கம் ஆர்சிஏ லைன் அவுட் (இன்னோர் அம்புக்கு அனுப்பும் வெளியீடு) உள்ள பெட்டியாகப் பார்த்து எடுங்கள். அப்போது இதையே டாக் ஆக வைத்துக்கொள்ளலாம்.

செலவு வரிசையில் எங்கள் கருத்து: முதலில் ஹெட்போன், பிறகு அதற்குப் பொருந்தும் அம்ப், கடைசியில் டாக். ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டாக்குகளின் சத்த அளவைச் சரிசமமாக்கிவிட்டு மாறி மாறிக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையிலான வித்தியாசத்தை யாரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்.

என் ஹெட்போனுக்கு எத்தனை மில்லிவொட் வேண்டும்?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போடலாம். ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: மின்தடை ஓமில், உணர்திறன் (கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) டெசிபெலில். நாம் கேட்கும் சராசரிச் சத்தம் 70 முதல் 80 டெசிபெல். இசையின் உச்சங்கள் அதற்கு மேலே 15, 20 டெசிபெல் எழும். ஆகவே உச்சத்துக்கு 110 டெசிபெல் கிடைத்தால் தாராளம்.

ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் சக்தி இரட்டிக்கும். ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் பத்து மடங்காகும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எடுத்துக்காட்டாக பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம். ஒரு மில்லிவொட்டுக்கு 96 டெசிபெல். 110-க்கு இன்னும் 14 டெசிபெல் வேண்டும், அதாவது ஏறத்தாழ 25 மில்லிவொட். 250 ஓமில் 25 மில்லிவொட் என்றால் 2.5 வோல்ட், 10 மில்லியம்பியர். சக்தி சொற்பம், மின்னோட்டமும் சொற்பம், ஆனால் வோல்ட் கூடுதலாக வேண்டும். போனுக்குப் போடும் சின்ன டொங்கிள்கள் பெரும்பாலும் 1 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்த ஹெட்போன் போனில் மெலிந்து கேட்கிறது.

மறுபக்கம் ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. 25 ஓம், 91 டெசிபெல். 19 டெசிபெல் கூட்ட வேண்டும், ஏறத்தாழ 80 மில்லிவொட். வோல்ட் 1.4 மட்டுமே, ஆனால் 56 மில்லியம்பியர் ஓட வேண்டும். 'ஓம் குறைவு, அப்படியென்றால் ஓட்டுவது இலகு' என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஓடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபெல். 13 மில்லிவொட், 0.7 வோல்ட். இதற்கு அம்ப் வாங்கித் தரும்படி யார் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்வோம்.

ஒரு கம்பனி 97 டெசிபெல் என்கிறது, இன்னொன்று 103 என்கிறது. இரண்டையும் நேராக ஒப்பிடலாமா?

அலகைப் பாருங்கள். சிலர் ஒரு மில்லிவொட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று எழுதுவார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை என்று எழுதுவார்கள். சென்ஹைசர் எச்டி 650-க்குக் கொடுக்கும் 103 டெசிபெல், ஒரு வோல்ட்டுக்கான கணக்கு. 300 ஓம் ஹெட்போனில் ஒரு வோல்ட் என்பது 3.3 மில்லிவொட். ஆகவே ஒரு மில்லிவொட்டுக்கு அது 98 டெசிபெல் அளவில்தான் வரும்.

மாற்றும் வழி: 1,000-ஐ ஓமால் வகுத்து, அதன் லொக் மதிப்பைப் பத்தால் பெருக்குங்கள். வரும் எண்ணை மில்லிவொட் கணக்கோடு கூட்டினால் வோல்ட் கணக்கு கிடைக்கும். 32 ஓமுக்கு அந்த எண் 15, 250 ஓமுக்கு 6, 300 ஓமுக்கு 5.

அம்ப் பெட்டியில் 1,220 மில்லிவொட் என்று பெரிதாகப் போட்டு, 300 ஓமுக்கு 130 மில்லிவொட் என்று சின்னதாகப் போட்டிருக்கிறது. என் 300 ஓம் ஹெட்போனுக்கு இது போதாதா?

போதும், மிஞ்சும். இது ஃபியோ கே7 என்ற டாக்-அம்ப் பெட்டியின் 6.35 மி.மீ. ஜாக்குக்கான கணக்கு. 32 ஓமில் 1,220 மில்லிவொட்டுக்கு எத்தனை வோல்ட் என்று பார்த்தால் 6.25 வரும். 300 ஓமில் 130 மில்லிவொட்டுக்கும் அதே 6.25 வோல்ட்தான். அம்ப் கொடுக்கக்கூடிய வோல்ட் மாறவில்லை. மின்தடை கூடியதால் ஓடும் மின்னோட்டம் குறைந்திருக்கிறது, அதனால் மில்லிவொட் எண் சுருங்கியிருக்கிறது. எச்டி 650-ஐ 110 டெசிபெலுக்குக் கொண்டுபோக 17 மில்லிவொட் போதும். உங்களிடம் அதன் ஏழு மடங்கு இருக்கிறது.

எனவே அம்ப் வாங்கும்போது 32 ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஹெட்போனின் ஓமுக்குக் கிட்டவுள்ள எண்ணைப் பாருங்கள்.

வெளியீட்டு மின்தடை என்கிறார்களே, அது எவ்வளவு இருக்கலாம்?

ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை விதி. 32 ஓமுக்கு 4 ஓம், 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். இன்றைய மேசை அம்ப்கள் பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே இருக்கும். சிக்கல் வருவது மலிவான மதர்போர்ட் ஜாக், பழைய ஸ்டீரியோ ரிசீவர், வெளியீட்டில் டிரான்ஸ்ஃபோமர் இல்லாத வால்வ் அம்ப் ஆகியவற்றில்.

ஏன் என்று பாருங்கள். சாதாரண டைனமிக் ஹெட்போனின் மின்தடை எல்லாச் சுருதியிலும் ஒன்றல்ல. பேஸ் பகுதியில் ஓர் இடத்தில் மேடு போல உயரும். 32 ஓம் என்று போட்டிருக்கும் ஹெட்போன் அங்கே 60 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். அம்பின் வெளியீடு 100 ஓம் என்றால், பேஸ் மேட்டில் மட்டும் ஏறத்தாழ 4 டெசிபெல் கூடுதலாக வரும். மிருதங்கத்தின் இடந்தலை வீங்கிக் கேட்கும், பாடகரின் குரல் பின்னால் போகும். 'வால்வ் அம்பின் இதமான பேஸ்' என்று புகழப்படுவதில் பாதி இந்தக் கணக்குத்தான். 300 ஓம் ஹெட்போனில் அதே 100 ஓம் ஒரு டெசிபெலுக்கும் குறைவான மாற்றத்தையே தரும். வால்வ் அம்ப் ஆசைப்படுபவர்கள் 300 ஓமோ அதற்கு மேலோ உள்ள ஹெட்போனோடு சேர்ப்பது இதனால்தான்.

பிளேனார் வகையில் மின்தடை தட்டையாக இருக்கும். அதன் குரல் மாறாது, ஆனால் சத்தம் வெகுவாகக் குறைந்துபோகும்.

பலன்ஸ்ட் வயர் போட்டால் தரம் கூடுமா?

பலன்ஸ்ட் என்பது ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி நேர், மறைக் கம்பிகள் உள்ள இணைப்பு. அதில் வோல்ட் இரட்டிக்கும், சக்தி கூடும். மேலே சொன்ன கணக்கில் 6.35 மி.மீ. ஜாக்கே போதுமென்றால் பலன்ஸ்ட் வயருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. வெளியீட்டு மின்தடையும் இரட்டிக்கிறது. உணர்திறன் கூடிய இயர்போன்களில் இரைச்சல் எழவும் கூடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். பலன்ஸ்ட் சொக்கெட்டிலிருந்து சாதாரண 3.5 அல்லது 6.35 மி.மீ. பிளக்குக்கு மாற்றும் துண்டை ஒருபோதும் போடாதீர்கள். பலன்ஸ்ட் வெளியீட்டில் இடது மறை (மைனஸ்), வலது மறை இரண்டும் தனித்தனியாக இயக்கப்படுகின்றன. மூன்று முனைப் பிளக் அவை இரண்டையும் ஒன்றாகத் தொடுத்துவிடும். அம்பின் வெளியீட்டுச் சில்லு போய்விடலாம். எதிர்த் திசை, அதாவது பலன்ஸ்ட் வயர் போட்ட ஹெட்போனைச் சாதாரண ஜாக்கில் மாற்றித் துண்டால் செருகுவது, பாதுகாப்பானது.

எல்லாம் வாங்கிவிட்டேன். எந்த ஒழுங்கில் இணைப்பது?

அம்பின் வொலியூம் குமிழைப் பூச்சியத்தில் வையுங்கள், கெயினை (அம்ப் எத்தனை மடங்கு வலுவாக்குகிறது என்ற அளவை) குறைந்த நிலையில் வையுங்கள். அடப்டரைப் போடுங்கள். யூஎஸ்பி வயரைக் கணினியின் பின்பக்கச் சொக்கெட்டில் நேராகச் செருகுங்கள். முன்பக்கச் சொக்கெட்டும், தனி மின்சாரம் இல்லாத ஹப்பும் இடையிடையே சத்தம் அறுபடுவதற்குக் காரணமாகும். பிறகு அம்பை ஓன் செய்து ஐந்து விநாடி பொறுங்கள். சில அம்ப்களில் ஓன் செய்யும்போது 'டொக்' என்று ஓர் அடி வரும். அது அடங்கிய பிறகே ஹெட்போனைச் செருகுங்கள். நிறுத்தும்போது ஹெட்போனை முதலில் கழற்றுங்கள்.

விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1703 பதிப்பு தொடங்கி யூஎஸ்பி ஓடியோ 2 டிரைவர் உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான டாக்குகள் செருகியவுடன் வேலை செய்யும். ஆசியோ (இசைப்பதிவு மென்பொருள்கள் பாவிக்கும் ஓடியோ முறை), டிஎஸ்டி (ஒரு வகைப் பாட்டுக் கோப்பு) வேண்டுபவர்கள் மட்டும் தயாரிப்பாளரின் டிரைவரைப் போடட்டும்.

பிறகு விண்டோஸ் 11 என்றால் ஸ்பீக்கர் அடையாளத்தில் வலது கிளிக், சவுண்ட் செட்டிங்ஸ், மோர் சவுண்ட் செட்டிங்ஸ், பிளேபேக். அங்கே டாக்கின் பெயரைத் தெரிவுசெய்து டிஃபோல்ட் ஆக்குங்கள். ப்ரொபர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் பகுதியில் 24 பிட் வைத்து, பாட்டுக் கோப்புகள் அதிகம் கேட்பவர் 44,100 ஹேர்ட்ஸும், யூடியூப், படம் பார்ப்பவர் 48,000 ஹேர்ட்ஸும் தெரிவுசெய்யுங்கள். என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். லப்டொப்போடு வந்த 'சரவுண்ட்' மென்பொருள் ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்துங்கள். புது டாக் வாங்கியும் குரல் குகைக்குள் கேட்கிறது என்று வரும் முறைப்பாடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விண்டோஸ் வொலியூம் 100-இல் இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது, குமிழால் சத்தத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஆனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 24 பிட்டில் கணினியிலேயே 20 டெசிபெல் குறைத்தாலும் காதுக்கு எந்த இழப்பும் தெரியாது.

இதைக் குறைக்கவே வேண்டிய ஒரு நிலையும் உண்டு. குமிழை (கடிகார முள் போலப் பார்த்தால்) 8 மணி நிலைக்கு மேலே திருப்ப முடியவில்லை, அதற்குள்ளேயே சத்தம் கூடிவிடுகிறது, அந்த இடத்தில் ஒரு காதில் மட்டும் சத்தம் தூக்கலாக இருக்கிறது. சாதாரணக் குமிழ்களின் இரண்டு பாதைகளும் தொடக்கப் பகுதியில் ஒத்துப்போகாது, இது பழுதல்ல. முதலில் கெயினைக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால் விண்டோஸில் குறைத்து, குமிழை 10 மணிக்கு மேலே கொண்டுவாருங்கள்.

டாக், அம்ப் தனித்தனி என்றால், டாக்கின் பின்னாலுள்ள ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ட் நிலையான அளவில் இருக்கட்டும். முன்னாலுள்ள ஹெட்போன் ஜாக்கிலிருந்து இன்னோர் அம்புக்கு வயர் இழுக்காதீர்கள்.

லப்டொப்பை சார்ஜரில் போட்டதும் ஹெட்போனில் 'ம்ம்ம்' என்ற சத்தம் வருகிறது. அம்பின் உலோக உடலைத் தொட்டால் கை கூசுகிறது. பயப்பட வேண்டுமா?

எங்கள் பகுதி வீடுகளில் இது மிகச் சாதாரணம். காரணம் பெரும்பாலும் ஏர்த். லப்டொப் சார்ஜருக்குள் மின்சாரத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும். அதில் கசியும் மிகச் சிறு மின்னோட்டம் ஏர்த் வழியே போக வேண்டும். ஏர்த் இல்லாவிட்டால் அது லப்டொப்பின் உடலுக்கு வந்து, யூஎஸ்பி வழியே டாக்குக்கு வந்து, உங்கள் விரலுக்கு வருகிறது. விரல் கூசுவது அதுதான். ஹெட்போனுக்கு அது 'ஹம்'.

சோதிப்பது இலகு. சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட விடுங்கள். சத்தம் உடனே நின்றால் சார்ஜர் வழிதான். அடுத்து சார்ஜரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று முனை வயரை இரு முனை மாற்றியில் போட்டிருக்கிறீர்களா? 13 அம்பியர் சொக்கெட்டின் ஏர்த் துளையில் பேனா மூடியை அமர்த்தி, உருண்டை முனைப் பிளக்கைச் செருகியிருக்கிறீர்களா? இரண்டிலும் ஏர்த் போய்விட்டது. மூன்று முனையும் சரியாகப் பொருந்தும் வயரைப் போடுங்கள். லப்டொப், டாக், அம்ப் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் எடுங்கள்.

சரியான பிளக் போட்டும் கூச்சம் நிற்கவில்லை என்றால் வீட்டு ஏர்த் கம்பியே வேலை செய்யாமலிருக்கலாம். கடற்கரைப் பக்க வீடுகளில் நிலத்துக்குள் போகும் இணைப்புக் கிளிப் உப்பில் அரித்துப் போயிருக்கும். அந்த நிலையில் ஹெட்போனை மறந்துவிடுங்கள். தகுதியுள்ள மின்னிணைப்பாளரை அழைத்து ஏர்த்தையும் ட்ரிப் ஸ்விட்சையும் சோதிப்பிப்பது முதல் வேலை. ஹம்மை நிறுத்துவதற்காக ஏர்த் முனையை வெட்டச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஏர்த் சரியாக இருந்தும் ஹம் மிஞ்சினால் ஒப்டிகல் வயர் இருக்கிறது. அதில் ஒளிதான் போகிறது, மின் தொடர்பே இல்லை, ஹம் வர வழியில்லை. 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் வரை நம்பிப் பாவிக்கலாம். லப்டொப்பில் ஒப்டிகல் வெளியீடு இல்லாதவர்களுக்கு யூஎஸ்பி ஐசோலேட்டர் (தரவை மட்டும் விட்டு மின் தொடர்பைப் பிரிக்கும் சின்னப் பெட்டி) உண்டு. மலிவானவை விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். அதிவேக யூஎஸ்பியை மட்டுமே ஏற்கும் டாக் அதில் வேலை செய்யாது.

இரவில் மட்டும் 'ஸ்ர்ர்ர்' என்று கேட்கிறது. பகலில் இல்லை.

சீலிங் ஃபானின் ரெகுலேட்டரைப் பாருங்கள். திருகும் குமிழ் உள்ள மின்னணு ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டு வயரிங் வழியே அம்புக்கு வருகிறது. வேகத்தை மாற்றும்போது இரைச்சலின் தன்மையும் மாறினால் குற்றவாளி அதுவே. முழு வேகத்தில் விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். அம்பை வேறு சொக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மங்கலாக்கக்கூடிய எல்இடி விளக்குகளும் இதே வேலையைச் செய்யும். 'டிட் டிடிட்' என்று தாளம் போட்டால் பக்கத்தில் இருக்கும் போனை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமா ஓர் அம்ப் கொண்டுவந்தார். நேராகச் செருகலாமா?

அடப்டரின் முதுகை வாசிக்காமல் செருக வேண்டாம். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம்முடைய 230 வோல்ட்டில் சில நொடிகளில் புகைந்துவிடும்.

வெளியீட்டையும் வாசியுங்கள். மேசை அம்ப்களில் சில, 14 முதல் 16 வோல்ட் ஏசி வெளியீடு தரும் அடப்டரைக் கேட்கின்றன. முனை பொருந்துகிறது என்று ரவுட்டரின் டிசி அடப்டரை அதில் போட்டால் வேலை செய்யாது. எதிர்மாறாக, டிசி கேட்கும் பெட்டிக்கு ஏசி கொடுத்தால் எரிந்துபோகலாம். டிசி என்றால் நடு முனை நேரா மறையா என்று சின்னப் படத்தில் பாருங்கள். வோல்ட் சமமாக இருக்க வேண்டும், அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். 5.5 மி.மீ. முனைகளில் உள்விட்டம் 2.1, 2.5 என இரு வகை உண்டு. 2.5 முனை 2.1 சொக்கெட்டில் போய் உட்காரும், ஆனால் ஆடி ஆடித் தொடர்பு அறும்.

வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. இந்தப் பொருட்களை எப்படிப் பாதுகாப்பது?

உப்புவெளி, நிலாவெளி, டொக்யார்ட் வீதிப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். உப்புக் காற்று முதலில் தாக்குவது தொடுமுனைகளை. பிளக்கைச் செருகும்போது ஒரு பக்கம் சத்தம் போய் வருகிறது, திருப்பினால் சரியாகிறது என்றால் பிளக்கின் மேல் படிந்த மெல்லிய படலம்தான். 99 சதவீத ஐசோப்ரொபைல் அல்கஹோலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடையுங்கள், பத்து நிமிடம் காய விடுங்கள். சொக்கெட்டுக்கு, பிளக்கையே அல்கஹோலில் நனைத்து, மின்சாரம் நிறுத்திய நிலையில் பத்துத் தடவை செருகி எடுங்கள். கரகரக்கும் வொலியூம் குமிழுக்கு மின்னணுப் பொருட்களுக்கான கொன்டக்ட் கிளீனர் மட்டுமே. துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே குமிழுக்குள் எண்ணெய்ப் பசையை விட்டுத் தூசியைச் சேர்க்கும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை மழைக்காலத்தில் தோல் இயர்பேட்டில் பூஞ்சணம் பிடிக்கும். கேட்டு முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, அரை மணி நேரம் ஃபானுக்குக் கீழே வைத்துவிட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 100 கிராம் போடுங்கள். நிறம் மாறியதும் மணிகளைத் தட்டில் கொட்டி, ஓவனில் 120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்தினால் மறுபடி பாவிக்கலாம்.

கச்சான் வீசும் மாதங்களில் சிக்கல் வேறு. வெக்கையில் செயற்கைத் தோல் வெடித்துக் கருப்புச் செதில் செதிலாகக் காதில் ஒட்டும். எங்கள் தட்பவெப்பத்துக்கு வெல்வெட் துணிப் பேட்களே பொருந்தும். கழற்றி, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் கழுவி, நிழலில் முழுதாகக் காய விட்டு மாட்டலாம். பேட் சப்பையாகிப் போனால் சுருள் காதுக்குக் கிட்ட வந்து குரலே மாறிவிடும், மேல் சுருதி குத்தும். அம்பைக் குறை சொல்லும் முன் பேட்டைப் பாருங்கள்.

அம்பின் மேல் பத்து சென்டிமீற்றர் இடைவெளி விடுங்கள். டாக்கை அதன் தலையில் அடுக்க வேண்டாம். கிளாஸ் ஏ வகை அம்ப் சும்மா இருக்கும்போதே கையில் சுடும், மூடிய அலுமாரிக்குள் வைத்தால் மின்தேக்கிகள் காலத்துக்கு முன்னரே போய்விடும்.

இடி மின்னல் நேரம் ஸ்விட்சை நிறுத்தினால் போதாதா?

போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் வானம் கறுத்ததும் இதைச் செய்யுங்கள். செப்புத் தொலைபேசி இணைப்பு உள்ள வீடுகளில் மின்னல் ரவுட்டர் வழியே லான் வயருக்கும், அங்கிருந்து கணினிக்கும், யூஎஸ்பி வழியே டாக்குக்கும் வரும். தொலைபேசி வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

ஓபன் பேக்கா, குளோஸ்ட் பேக்கா?

ஓபன் பேக் (பின்பக்கம் திறந்த ஹெட்போன்) இசையை விரித்துக் காட்டும், காதும் குறைவாக வியர்க்கும். ஆனால் வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். தலைக்கு மேல் ஃபான் முழு வேகத்தில் சுற்ற, ஜன்னல் திறந்திருக்க, தெருவில் ஓட்டோ போய்வரும் அறையில் அதன் நுணுக்கம் பாதி கரைந்துவிடும். உங்கள் பாட்டும் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும். இரவு 10 மணிக்குப் பிறகு தனி அறையில் கேட்பவர் ஓபன் பேக் எடுக்கட்டும். கூட்டுக் குடும்ப வீட்டில், பகலில் கேட்பவர் குளோஸ்ட் பேக் எடுக்கட்டும். அந்த வகையில் டிடி 770 ப்ரோ 80 ஓம் நல்ல நடுவழி: வெல்வெட் பேட், வலுவான கட்டுமானம், சாதாரண அம்பே போதும்.

ஸூம் வகுப்பு எடுக்கிறேன். மைக்கை டாக்கில் செருகலாமா?

பெரும்பாலான மேசை டாக்குகளில் மைக் உள்ளீடு கிடையாது. மைக்குக்குத் தனி யூஎஸ்பி மைக் வாங்கி, ஸூமில் மைக்குக்கு அதையும் ஸ்பீக்கருக்கு டாக்கையும் தெரிவுசெய்யுங்கள்.

போனோடு இணைக்க முடியுமா?

ஓடிஜி வயரால் (போனில் யூஎஸ்பிப் பொருட்களை இணைக்க உதவும் வயர்) முடியும். தனி அடப்டர் உள்ள டாக் என்றால் போன் பற்றரி அதிகம் குறையாது. யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பெட்டி போனை வேகமாக இறக்கிவிடும், சில போன்கள் அந்த மின்னோட்டத்தைத் தரவே மறுக்கும். சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் ஓன் செய்ய வேண்டும். பாவிக்காமல் பத்து நிமிடம் விட்டால் தானாக ஓஃப் ஆகிவிடும்.

பாவித்த அம்ப் வாங்குகிறேன். என்ன பார்ப்பது?

ஒரு மல்டிமீற்றரும் ஒரு மலிவான ஹெட்போனும் கொண்டுபோங்கள். அம்பைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பாட்டு எதுவும் போடாமல், 6.35 மி.மீ. பிளக்கில் வயர் பற்றவைத்த ஒரு துண்டைச் செருகி, மல்டிமீற்றரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து, நுனிக்கும் அடிக்கும் இடையே அளவிடுங்கள். பிறகு நடு வளையத்துக்கும் அடிக்கும் இடையே. நுனியையும் வளையத்தையும் ஒன்றாகத் தொட்டுவிடாதீர்கள். 10, 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் உங்கள் நல்ல ஹெட்போனை அதில் செருகாதீர்கள், வாங்கவும் வேண்டாம்.

அடுத்து மலிவு ஹெட்போனைச் செருகி, மோனோவாக (இரு காதிலும் ஒரே மாதிரி) பதிந்த பேச்சுக் குரலை ஓட விட்டுக் குமிழை மெல்லத் திருப்புங்கள். குரல் நடுநெற்றியில் நிற்க வேண்டும், கரகரப்பு இருக்கக் கூடாது. குரல் இடது பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை மாற்றி மாட்டுங்கள். அப்போதும் இடது பக்கமே சாய்ந்தால் அது உங்கள் காது. சாய்வு வலது பக்கம் மாறினால் டாக், அம்ப், ஹெட்போன் மூன்றில் ஒன்று. டாக்குக்கும் அம்புக்கும் நடுவேயுள்ள ஆர்சிஏ வயர்களை அம்பின் பக்கம் இடம் மாற்றுங்கள். சாய்வும் கூடவே மாறினால் குற்றம் டாக்கிலோ வயரிலோ. மாறாவிட்டால் அம்பிலோ ஹெட்போனிலோ.

உரிய அடப்டர் இல்லாமல் விற்பவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கொழும்பு புறக்கோட்டையிலோ யுனிட்டி பிளாசாவிலோ மாற்று அடப்டர் தேட வேண்டிவரும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தத்தில் கேட்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு 75. நல்ல அம்பில் சத்தம் கூடினாலும் சிதையாது, அதனால் ஏற்றியது தெரியாமலே ஏறிவிடும். குமிழில் உங்கள் வழக்கமான இடத்துக்கு நேரே ஒரு சின்னப் புள்ளி ஒட்டி, ஒவ்வொரு நாளும் அங்கிருந்தே தொடங்குங்கள். கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம் இருந்தால் சத்தம் கூடிவிட்டது, புள்ளியைக் கீழே நகர்த்துங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனை அம்பில் செருகிக் கேட்கலாமா?

3.5 மி.மீ. வயர் ஏற்கும் மாதிரி என்றால் செருகலாம், பயன் குறைவு. அவற்றுள் டாக், அம்ப் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன, குரலைச் சரிசெய்யும் வேலையும் உள்ளேயே நடக்கிறது. யூஎஸ்பி முனை மட்டும் உள்ள கேமிங் ஹெட்செட்டை எந்த அம்பிலும் செருக முடியாது.